வெளுத்ததெல்லாம் பாலா?

ஹெர்ஷல் அடுப்பை நிறுத்தினார். ஒன்றை அல்ல, எல்லாவற்றையும். குமிழ்களை வரிசையாகத் திருப்பிக்கொண்டே போய்க் கடைசியில் என் சட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

ஆட்டிறைச்சிக் கறி கடைசிக் கொதியில் இருந்தது. முதற்பால் விட்டாயிற்று, உப்பும் பார்த்தாயிற்று. இறக்க வேண்டியதுதான் பாக்கி. கொதி அடங்கியதும் கறிவேப்பிலை வாசம் மட்டும் அந்த நிலவறைச் சமையலறையில் நின்றது. அவர் சட்டிக்குள் மூக்கை நீட்டினார்.

"பவளம், உதுக்குள்ள என்ன வெள்ளையாக் கிடக்குது?"

"தேங்காய்ப்பால்."

"தேங்காய்ப்பால் எண்டு நீங்கள் சொல்லுறீங்கள்."

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம்தான். அவருடையது இங்கே பிறந்த ஆங்கிலம், என்னுடையது பஸ்ஸில் பொறுக்கியது. ஆனால் கோபம் வந்தால் எந்த மொழியும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

"நீங்கள் சொல்லுறீங்கள்" என்ற அந்த இரண்டு சொல்தான் என்னைச் சுட்டது. பால் என்று நேரே சொல்லியிருந்தால்கூடச் சண்டை பிடித்துவிட்டுப் போயிருப்பேன்.

சில வருஷங்களுக்கு முந்தி, பனி கரைந்து தெருவெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. மேல்மாடி மண்டபத்தில் மத்தியான விருந்து. எங்கள் முதலாளி எஸ்தரின் மகள் லேயாவுக்கு அந்தக் கிழமைதான் கல்யாணம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஏழு நாளும் விருந்து வைப்பது யூதர்களான அவர்களின் வழக்கம்.

அந்த விருந்துக்கு என் கறி வேண்டும் என்று கேட்டது லேயாதான். பிள்ளை அதை ஒருநாளும் சாப்பிட்டதில்லை. என் குளிர்க் கோட்டில் வீசும் வாசத்தை வைத்துக் கேட்டாள். "உங்கட கோட் மணக்கிறதைச் சமைச்சுத் தாங்கோ" என்றாள். நக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். ட்ரெயினில் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைச் சுளித்து எழும்பிப் போவதைப் பார்த்துப் பழகியவள் நான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான் நம்பினேன்.

சந்தேகத்துக்குச் சம்பளம்

யூதர்களின் மதச் சட்டப்படி சமைக்கிற இடத்தைக் கோஷர் சமையலறை என்பார்கள். எங்களுடையது இறைச்சிச் சமையலறை. அதற்குள் பால், வெண்ணெய், சீஸ் எதுவும் காலடி வைக்கக் கூடாது. பாலும் இறைச்சியும் சேரவே கூடாது என்பது அவர்களுடைய முதற்சட்டங்களில் ஒன்று. சேர்ந்தால் அந்தச் சாப்பாடு குப்பைக்கு, சட்டி தீட்டு, கடையின் சான்றிதழுக்கும் ஆபத்து.

இதையெல்லாம் கண்காணிக்க ஒரு ஆள். அவர்தான் ஹெர்ஷல். செந்தாடி, கறுத்த தொப்பி, எப்போதும் ஈரமாகவே இருக்கும் சப்பாத்து. அவர் எஸ்தரின் ஆள் இல்லை. சான்றிதழ் கொடுக்கிற சபை வெளியிலிருந்து அனுப்பியவர். காலையில் ஒருமுறை வந்தபிறகு எப்போது போவார், எப்போது திரும்பி வருவார் என்று சொல்ல மாட்டார். சொல்லாமல் வருவதும் சட்டத்தில் ஒரு பகுதியாம்.

முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிளாசில் உடைத்து இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கறிவேப்பிலையை அடியிலே லைட் போட்ட மேசையில் பரப்பி, இலை இலையாகப் பூச்சி தேடினார். ஸ்காபரோத் தமிழ்க் கடையில் அரைத்த கறித்தூளை உள்ளே விடவில்லை. அதனால் மிளகாயும் மல்லியும் அங்கேயே வறுத்தேன். மனுசன் அரை மணித்தியாலம் தும்மினார். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

உண்மையைச் சொன்னால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். போன கிழமை இந்தத் தொடரில் என் கல்யாணப் பேச்சைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், மாப்பிள்ளையின் பல் சொந்தப் பல்லா என்று ஆள் விட்டு விசாரித்தவள் நான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்று ஹெர்ஷலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யார் மூட்டுகிற நெருப்பு

ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுப்பை நான் மூட்டக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே ஹெர்ஷல் சொல்லிவிட்டார். வெட்டலாம், கழுவலாம், தாளிக்கலாம். நெருப்பை மட்டும் ஒரு யூதர்தான் மூட்ட வேண்டும். நாங்கள் இருக்கிற வோபர்னிலிருந்து விடியற்காலையில் பஸ், பிறகு ட்ரெயின், பிறகு இன்னொரு பஸ் என்று ஏறி வந்து, குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வந்து குமிழைத் திருப்பிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு எஸ்தர் இறங்கி வந்து சட்டியைத் தூக்கி நெருப்பில் வைப்பாள். பிறகுதான் என் சமையல்.

எனக்கு இது எங்கேயோ பார்த்த கூத்தாக இருந்தது. எங்கள் ஊரில் பெரிய வீடுகளுக்கு நெல் குத்தப் போகும் என் அம்மாவுக்குத் தண்ணீர் சிரட்டையில்தான் வரும். அவர்களின் கிணற்று வாளியை அவள் தொட்டதில்லை. குத்திய அரிசியில் அவள் கை படலாம், வாளியில் படக்கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கேட்டால், "உதெல்லாம் வழமை" என்பார்கள்.

வீட்டில் என் கணவர் சிவத்திடம் சொன்னேன். அவர் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"உதுக்குள்ள ஏதோ சூட்சுமம் இருக்குதப்பா. பிடிக்காட்டி விட்டிட்டு வாரும்."

விட மனமில்லை. ஒருநாள் ஹெர்ஷலிடமே கேட்டேன். "நான் தொட்டால் நெருப்புத் தீட்டுப்படுமோ?"

அவர் சிரிக்கவில்லை. "தீட்டு இல்லை பவளம். வேற காரணம். நீங்கள் சமைச்சு நாங்கள் சாப்பிட்டால் பழக்கம் வரும். பழகினால் ஒருத்தர் வீட்டில ஒருத்தர் சாப்பிடுவம். பிறகு பிள்ளையள் கலியாணம் முடிக்குங்கள். அது நடக்கக் கூடாதெண்டுதான் பழைய ஆக்கள் வைச்ச வேலி."

நான் சந்தேகப்பட்டது சரிதான். பிரித்து வைக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டாரே! எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் எவரும் ஒருநாளும் அப்படி வாய் திறந்து சொன்னதில்லை. கோபமும் வந்தது, ஒரு மரியாதையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டப் போனேன்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

"உது ஆர் எழுதினது?" என்று பிறகு ஒரு ஓய்வான பின்னேரம் கேட்டேன். அடுப்பில் இறைச்சி வேகிற வரைக்கும் ஹெர்ஷல் கதை சொன்னார்.

ஏறத்தாழ எண்ணூறு வருஷத்துக்கு முந்தி, கெய்ரோ பக்கம் ஒரு வைத்தியர் இருந்தாராம். அரண்மனைக்கே மருந்து கொடுத்தவர். அதுவரைக்கும் யூதச் சட்டம் ஒரு பெரிய சந்தைக்கடை மாதிரி. ஆயிரம் குருமார் ஆயிரம் விதமாக விவாதித்தது எல்லாம் கலந்து கிடந்தது. அவர் இருந்து அத்தனையையும் வகைப்படுத்தி, சாப்பாடு ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம், கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் என்று சுத்தமான மொழியில் எழுதிவைத்தார். நெருப்பு மூட்டுகிற விஷயமும் அதன் காரணமும் அதில் மறைப்பில்லாமல் இருக்கிறதாம்.

"சனம் சந்தோசப்பட்டிருக்குமே," என்றேன்.

"எங்கை! சந்தேகப்பட்டவை. எது ஆர் சொன்னதெண்டு அவர் எழுதேல்லை. தீர்ப்பு மட்டும்தான். இந்த மனுசன் இதை எங்கையிருந்து எடுத்தார்? இனி ஒருத்தரும் பழசைப் படிக்கக் கூடாதெண்டு நினைக்கிறாரோ? அப்பிடியெல்லாம் சண்டை."

அவர்களும் என் ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சில நூற்றாண்டு கழித்து, சிறுவயதில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், கலிலேய மலையூர் ஒன்றில் இருந்துகொண்டு இன்னொரு தொகுப்புச் செய்தார். உடனே போலந்தில் ஒரு குரு, "எங்கள் பக்கத்து வழக்கம் இப்படி இல்லையே" என்று அதற்குள்ளேயே நடுநடுவே குறிப்பு எழுதினார். அன்றிலிருந்து இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் அச்சடிக்கிறார்களாம். ஒருவர் பெரிய எழுத்தில், மற்றவர் சின்ன எழுத்தில்.

எஸ்தரின் குடும்பம் மொரோக்கோவிலிருந்து வந்தது. அவளுக்குப் பெரிய எழுத்து. ஹெர்ஷலின் பாட்டன் போலந்துக்காரர். அவருக்குச் சின்ன எழுத்து. சின்ன எழுத்தின்படி யூதர் நெருப்பை மூட்டினாலே போதும். பெரிய எழுத்தின்படி போதாது, சட்டியையும் அவர்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு விடியற்காலைக் கூத்து விளங்கியது. எஸ்தருக்கு ஹெர்ஷல் மேல் ஐமிச்சம், அதனால்தான் பின்னாலேயே வந்து பார்க்கிறாள் என்றல்லவா நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்! ஒருவர் மூட்ட, ஒருவர் வைக்க, அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று சமைத்தது நான்.

குப்பைத் தொட்டியில் கிடந்தது

சரி, நிறுத்திய அடுப்புக்கு வருகிறேன்.

ஹெர்ஷல் சட்டியை மட்டும் பார்த்துவிட்டு என்னைக் கேட்கவில்லை. பின்கதவுக்கு வெளியே இருக்கும் குப்பைத் தொட்டியில் ஒரு பால் பெட்டி கிடந்ததைக் கண்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். அந்தத் தொட்டியில் பக்கத்து சலூன்காரரும் குப்பை போடுவார்கள். அவர்கள் கோப்பி குடிக்கிற ஆட்கள். ஆனால் அவர் கண்ணுக்கு வெளியே வெறும் பெட்டி, உள்ளே வெள்ளைக் குழம்பு. பால் விட்ட நேரத்தில் அவர் வெளியே போயிருந்தார். சமையலறையில் நான் ஒருத்திதான்.

"வெளுத்ததெல்லாம் பாலோ?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினை. ஆரும் பாக்கேல்லை."

"நான் பாத்தன். என்ர கையாலதான் பிழிஞ்சன்."

"உங்களை நம்பக்கூடாதெண்டில்லை பவளம். இந்த விஷயத்தில ஒருத்தர் தன்ர பக்கத்துக்குத் தானே சாட்சி சொன்னால் எடுக்கேலாது."

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஃபிரிட்ஜுக்குள், பிழிந்த தேங்காய்ச் சக்கை ஒரு பெட்டி நிறைய இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்தேன். கதவைத் திறந்து காட்டினால் அந்தக் கணமே கதை முடிந்தது.

நான் திறக்கவில்லை.

ஏன் என்று சிவம் இன்றைக்கும் கேட்பார். சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணை நடந்த ஒரு சின்ன அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்து என் கதையைக் கேட்டார். ஆமி வந்தது செவ்வாயா வியாழனா என்று கேட்டார். நான் செவ்வாய் என்றேன். முன்னர் வியாழன் என்று சொல்லியிருந்தேனாம். "நீங்கள் சொல்வது நம்பும்படியாக இல்லை" என்று மொழிபெயர்த்த பெண் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் செத்தது நம்பும்படியாக இல்லை. பிறகு வேறு வழியாகக் கடதாசி கிடைத்தது, இருக்க விட்டார்கள். ஆனால் நம்பினோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் காந்தல் எனக்குள் ஆறவே இல்லை.

ஆகவே அன்றைக்கு எனக்கு அத்தாட்சி காட்ட விருப்பமில்லை. ஒருமுறை, ஒரேயொரு முறை, நான் சொல்வதை யாராவது சொன்னதற்காகவே நம்ப வேண்டும். அதற்காக வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன்.

இன்னொரு சந்தேகமும் குடைந்தது. ஹெர்ஷலின் மைத்துனன் ஒருவன் சமையல் வேலை தேடுகிறான் என்று கேள்வி. பால் பெட்டியைப் போட்டதே இந்த மனுசனாக இருந்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரண்டுதான் இருந்தேன்.

எஸ்தர் விருந்துச் சட்டையோடு ஓடி வந்தாள். மேலே ஆட்கள் வந்து சேரத் தொடங்கிவிட்டார்கள். அவள் முகத்தில் பவுடருக்கு மேலால் வியர்வை.

"பவா, கெஞ்சிக் கேக்கிறன். ஏதாவது இருந்தால் காட்டு. இல்லாட்டி முழுச் சாப்பாட்டையும் கொட்டோணும். லேயாவுக்கு நான் என்ன சொல்ல?"

"தேங்காய்ப்பால் எண்டு நான் சொல்லுறன் எஸ்தர்."

"எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சால் காணாது."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் விருந்து கண்முன் வந்தது. ஆனாலும் கை ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. பிடிவாதம் பிடித்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

கேட்க முந்திச் சொன்னது

ஹெர்ஷல் தன் குருவுக்குப் போன் எடுத்தார். நன்றாக வயதானவர் போலிருக்கிறது, கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. கடைசியில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்தார். அந்தக் கிழட்டுக் குரல் ஒரு கேள்விதான் கேட்டது.

"நீ கேக்க முந்தி அந்த அம்மா என்ன சொன்னவ?"

ஹெர்ஷல் விழித்தார். "கேக்க முந்தியோ?"

"ஓம். நீ சந்தேகப்பட முந்தி. தன்பாட்டில கதைச்சது ஏதாவது?"

ஹெர்ஷல் என்னைப் பார்த்தார். பிறகு என் பெருவிரலைப் பார்த்தார். அதில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"விடியக் காலமை அடுப்பு மூட்ட வரேக்க புறுபுறுத்துக்கொண்டு நிண்டவ," என்றார் மெதுவாக. "தேங்காய் முத்தல், சிரட்டையை விட்டு வருகுதில்லை, நோண்டேக்க கை வெட்டிப் போட்டுது, கடைக்காரன் ஏமாத்திப் போட்டான் எண்டு. நான் காது குடுக்கேல்லை."

"அதுக்குக் காது குடு," என்றது குரல்.

அந்தக் குரு விளக்கியதை ஹெர்ஷல் எனக்குப் பிறகு சொன்னார். கெய்ரோ வைத்தியரின் தொகுப்பிலேயே இருக்கிறதாம். தூரதேசம் போன கணவன் திரும்பவில்லை. அவன் செத்தானா என்று தெரியாமல் மனைவி காத்திருக்கிறாள். வேற்று மதத்தவன் ஒருவன் சாட்சி சொல்லவென்று வந்து, அவன் செத்துவிட்டான் என்றால் எடுக்க மாட்டார்கள். அதே மனிதன் யாரும் கேட்காமல், பேச்சோடு பேச்சாக, "ஐயோ பாவம், அந்த ஆளை நான்தானே புதைத்தேன்" என்று சொன்னால் நம்புவார்கள். அவள் மறுமணம் செய்யலாம். எங்கள் ஊரில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிற பெண்களை நினைத்தேன். அவர்களிடம் யார் வந்து பேச்சோடு பேச்சாக ஏதாவது சொன்னார்கள்?

"அது மட்டும் போதாது," என்றது போன். "ஆனால் அந்த அம்மாவை நம்பத் தொடங்கு. பிறகு அடையாளம் தேடு."

ஹெர்ஷல் என் பக்கம் திரும்பினார். "நான் நம்புறன் பவளம். இப்ப நான் என்னத்தைத் தேடோணும்? நீங்களே சொல்லுங்கோ."

நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

சக்கைப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்தார், விரலால் கிளறினார், இன்னொரு முறை மணந்தார். எஸ்தர் அந்த இடத்திலேயே கதிரையில் இருந்துவிட்டாள்.

"இதை ஏன் முதலே காட்டேல்லை?"

"நீங்கள் ஏன் முதலே நம்பேல்லை?"

அதற்குமேல் பேச நேரமில்லை. ஹெர்ஷல் அடுப்பை மூட்டினார். எஸ்தர் பட்டுச் சட்டையோடு சட்டியைத் தூக்கி வைத்தாள். நான் கிளறினேன். கறி திரும்பவும் கொதித்தது.

"மேல இருக்கிற சனமும் என்னை மாதிரித்தான் நினைக்கும்," என்றார் ஹெர்ஷல். பழைய காலத்தில் இறைச்சியை வாதுமைப் பாலில் சமைத்தால், சட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வாதுமைப் பருப்பை வைப்பார்களாம். பார்க்கிறவன் மாட்டுப்பால் என்று நினைத்துப் பாவம் தேடக் கூடாதென்று. அந்தப் போலந்துக்காரர் சின்ன எழுத்தில் எழுதிவைத்தது.

பனைக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நாங்கள் பழமொழியோடு விட்டுவிட்டோம். இவர்கள் அதற்கும் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். கெட்டுப் போனால் உதவும் என்று கூட வாங்கிய தேங்காய் ஒன்று இருந்தது. அதை வெள்ளித் தட்டில் வைத்துக் கறிக்குப் பக்கத்தில் மேலே அனுப்பினோம். சக்கையையும் ஒரு கிண்ணத்தில் வைத்தார் ஹெர்ஷல். குடுமியோடு தேங்காய் மாப்பிள்ளை மாதிரிப் போனது.

லேயா இரண்டாம் தரமும் கறி கேட்டாள் என்று பரிமாறிய பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அவர்களுக்கு முன்னால்தான் ஹெர்ஷல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் முன் வந்து நின்றார். இந்த மனுசன் இனி எதைக் கண்டுபிடித்தாரோ என்று அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"பவளம், நீங்கள் செய்யாததைச் செய்ததெண்டு நான் சந்தேகப்பட்டிட்டன். எங்கட முறைப்படி அப்பிடிச் சந்தேகப்பட்டவன் மன்னிப்புக் கேக்கோணும். கேக்கிறன். அதோட விடேலாது. அந்த ஆளை ஆசீர்வதிக்கவும் வேணும். சொல்லுங்கோ, உங்களுக்காக நான் என்ன கேக்க?"

எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. முழங்கால் நோ. வன்கூவருக்குப் போன மகன் போன் எடுப்பதில்லை. சிவத்துக்கு இரத்தத்தில் சீனி கூட. முழங்காலையே சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"முதல் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் எஸ்தரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பவளம் செய்யேல்லை. நான்தான் பிழையாச் சந்தேகப்பட்டனான்."

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் பயந்துபோய், "காணுமோ?" என்று கேட்டார்.

"காணாது," என்றேன். "இன்னும் ஒருக்கா."